மண்டகப்பட்டின் நான்கு ‘இல்லை’கள்

விழுப்புரத்துக்கும் செஞ்சிக்கும் இடையில் இருக்கிற மண்டகப்பட்டு குடைவரைக் கோயிலுக்குப் பெரிய புகழே அங்குள்ள கல்வெட்டுதான். 7-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், விசித்திரசித்தன் என்ற பட்டப்பெயர் கொண்ட முதலாம் மகேந்திரவர்மன் பிரம்மா, சிவன், விஷ்ணு மூவருக்கும் எடுத்த கோயில் இது. பல்லவ கிரந்த எழுத்தில், சமஸ்கிருதத்தில் உள்ள அந்தச் சின்னச் செய்யுள் கோயிலில் என்ன இருக்கிறது என்று ஆரம்பிப்பதில்லை. என்ன இல்லை என்றுதான் ஆரம்பிக்கிறது: செங்கல் இல்லை, மரம் இல்லை, உலோகம் இல்லை, சுதை, அதாவது சுண்ணச்சாந்து, இல்லை.

இந்த நாலு ‘இல்லை’யையும் நாம தமிழில் சொல்கிற விதம்தான் எனக்கு உறுத்துகிறது. ரெண்டு விதமாகச் சொல்கிறோம். ரெண்டிலும் கோளாறு இருக்கிறது.

முதல் விதம், “செங்கல், மரம், உலோகம், சுதை இன்றி” என்று ஒரே மூச்சில் முடிப்பது. மூலத்தில் ஒவ்வொரு சொல்லும் தனக்கென்று ஒரு எதிர்மறை முன்னொட்டோடு வருகிறது. நாலு முறை மறுக்கிறான் ராஜா. நாம ஒரே ஒரு ‘இன்றி’யின் தலையில் நாலையும் ஏற்றிவிடுகிறோம். படித்தால் கட்டட காண்ட்ராக்டர் கொடுத்த பட்டியல் மாதிரி இருக்கிறது. அவசரமாகப் படிப்பவருக்குச் சுதை மட்டும்தான் இல்லை என்றுகூடப் படலாம்.

இரண்டாவது விதம் உற்சாகக்காரர்களுடையது. “துளி உலோகம்கூடப் படாமல்”, “சுதைகூட இல்லாமல்” என்று அழுத்திச் சொல்வார்கள். இதுதான் அதிக ஆபத்து. ‘கூட’ சும்மா அழுத்தம் கொடுக்கிற சொல் இல்லை, அது ஒரு ஏணி போடுகிறது. “வீட்ல உப்புகூட இல்ல” என்றால், இருந்தே தீர வேண்டிய பொருளே இல்லை, மற்றதைக் கேட்கவே வேண்டாம் என்று அர்த்தம். கல்வெட்டில் அப்படி ஏணி எதுவும் கிடையாது. நாலு பொருளும் சமம். தவிர, ‘துளி உலோகம்கூடப் படாமல்’ என்பது பொய்யாகவும் ஆகிவிடுகிறது. அந்தப் பாறையைக் குடைந்தது இரும்பு உளிதானே? கட்டுமானப் பொருளாக உலோகம் இல்லை என்றுதான் கல்வெட்டு சொல்கிறது. உளியே படவில்லை என்று சொல்லவில்லை. மறுப்பை அழுத்த அழுத்த அதன் எல்லை விரிந்துகொண்டே போகும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

ஏணி போடுவதிலும் மொழிக்கு மொழி திசை மாறுகிறது. “கோபுரம் கிடக்கட்டும், ஒரு செங்கல்கூட இல்லை” என்று நாம பெரியதை முதலில் தள்ளிவிட்டுச் சின்னதில் வந்து முடிப்போம். ஆங்கிலத்து ‘லெட் அலோன்’ இதற்குத் தலைகீழ்: முதலில் சின்னது இல்லை என்று சொல்லி, அப்புறம்தான் பெரியது. சீனத்திலும் ‘பியே ஷுவோ’ என்று பெரியதை ஒதுக்கிவிட்டு, ‘லியென்’ போட்டுச் சின்னதை மறுக்கிற அமைப்பு சகஜம். அதனால் ஆங்கிலம் படிக்கிற சீனரும் நம்ம ஊர்ப் பிள்ளையும் ஒரே இடத்தில்தான் சறுக்க வாய்ப்பு. “என்கிட்ட லட்ச ரூபாய் இல்லை, லெட் அலோன் பத்து ரூபாய்” என்று சொல்லிவிட்டால், கேட்கிற ஆங்கிலேயர் விழிப்பார்.

மகேந்திரவர்மனுக்கு இந்த ஏணியே தேவைப்படவில்லை. ‘இல்லை’யைத் திரும்பத் திரும்பச் சொன்னதே போதுமான அழுத்தம். எதிர்பார்ப்பு இருக்கிற இடத்தில்தான் மறுப்புக்கு வேலை. கோயில் என்றாலே செங்கல்லும் மரமும் என்று பழகியவர்களுக்குத்தான் “அது இல்லை” என்று சொல்ல வேண்டும். இவனுக்கு முன்பு எழுந்த கோயில்கள் பெரும்பாலும் அழிந்துவிட்டன. அவை எதனால் ஆனவை என்று நமக்குச் சொல்கிற சாட்சிகளில் இந்த நாலு மறுப்பும் ஒன்று. அவற்றை ஒன்றாகச் சுருட்டினாலும் கெடும், ஊதிப் பெருக்கினாலும் கெடும்.

தமிழில் இதற்கு வழி இல்லாமலும் இல்லை. பழைய ‘உம்’ ஒன்று போதும்: “செங்கல்லும் இல்லாமல், மரமும் இல்லாமல், உலோகமும் இல்லாமல், சுதையும் இல்லாமல்.” கொஞ்சம் நீளம்தான். ஆனால் நாலு ‘இல்லை’யும் தனித்தனியாகக் காதில் விழுகிறது. அடுத்து மண்டகப்பட்டைப் பற்றி எழுதுகிறவர்கள் ‘கூட’வை விட்டுவிட்டு இந்த ‘உம்’மை எடுத்துக்கொள்ளலாம்.