சௌமியாவுக்குச் சாம்பிராணி, மீனாட்சிக்கு மல்லிகை

ஜேன் ஆஸ்டினின் நாவலைத் தழுவி ராஜீவ் மேனன் எடுத்த 'கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்' 2000இல் வந்தது. அக்கா சௌமியாவாகத் தபு, தங்கை மீனாட்சியாக ஐஸ்வர்யா ராய். இந்தச் சகோதரிகளின் குணங்களை வீட்டு வாசனையாக்க மலாக்காவில் பொருளுக்குப் பஞ்சமில்லை.

அக்காவுக்குச் சாம்பிராணிதான். நீரிணைக்கு அக்கரையில், சுமத்ராவில், மரப்பட்டையைக் கீறி எடுக்கும் பிசின் அது; பழைய மலாக்காத் துறைமுகத்தின் சரக்கு. கனிந்த கரியில் தூவினால் மணம் மெல்ல எழும். எண்ணெய் தேய்த்துக் குளித்த கூந்தலில் நெடுநேரம் தங்கும். கரி கொழுந்துவிட்டு எரிந்தாலோ கருகல் நாற்றம்தான் மிஞ்சும்.

தங்கைக்குப் புங்கா ரம்பாய்: மெல்லிசாக நறுக்கிய பாண்டான் இலையோடு மல்லிகை, ரோஜா இதழ்கள். மலாய், பெரனாக்கான் வீடுகளின் வழக்கம். உடனே மயக்கும், மறுநாளே வாடும். மீனாட்சியின் முதல் காதலும் அப்படித்தானே!

இரண்டையும் ஒருசேர வைத்தால் புகை பூவை விழுங்கிவிடும். முதலில் தூபம், சன்னலைத் திறந்து புகை வெளியேறியபின் பூத்தட்டு.