ரெண்டாயிரம் வருஷம்!

சென்னையில் சாயங்கால நடைக்கு என்று ஒரு சீசன் இருக்கிறது. ஜனவரியில் மயிலாப்பூர் விழா. ஆகஸ்டில் 22-ம் தேதியை ஒட்டி மெட்ராஸ் தினக் கொண்டாட்டம், 2004-ல் தொடங்கியது. மாட வீதி முனையில் இருபது முப்பது பேர் தண்ணீர் பாட்டிலும் தொப்பியுமாக நிற்பார்கள். நடுவில் ஒருவர் பேசுவார். பலர் காசு வாங்குவதில்லை. சொந்த ஆர்வத்தில் படித்துவிட்டு வந்து தொண்டை வற்றச் சொல்கிறார்கள். குறை சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

ஆனாலும் அந்த ஒரு வாக்கியம் உறுத்துகிறது. "இந்தக் கோயில் ரெண்டாயிரம் வருஷம் பழசு சார்!" கூட்டம் 'ஆ' என்று அண்ணாந்து பார்க்கும். பார்ப்பது கபாலீஸ்வரர் கோயில் ராஜகோபுரத்தை. கட்டியது 1906-ல். உயரம் சுமார் 120 அடி.

மயிலாப்பூர் பழைய ஊர்தான், சந்தேகமில்லை. ஏழாம் நூற்றாண்டில் சம்பந்தர் இங்கே பூம்பாவைக்காகப் பாடினார். ஆனால் அவர் பாடிய கோயில் இது இல்லை. அது கடற்கரைப் பக்கம் இருந்தது; பதினாறாம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியர் சாந்தோமில் காலூன்றியபோது அழிந்தது என்பதுதான் பரவலாக ஏற்கப்பட்ட வரலாறு. சாந்தோம் பக்கம் தோண்டியபோது பழைய கோயிலின் கல்வெட்டுத் துண்டுகள் கிடைத்திருக்கின்றன. இப்போதுள்ள கோயில் அதற்கப்புறம் எழும்பியது.

இது எவ்வளவு பெரிய கதை! கோயில் போய்விட்டது, ஊர் விடவில்லை. உள்ளே தள்ளி வந்து மறுபடி கட்டி, குளம் வெட்டி, அறுபத்துமூவர் உற்சவத்தையும் நடத்துகிறது. 'ரெண்டாயிரம்' என்று ஒரே போடாகப் போட்டால் இந்தப் பிடிவாதம் முழுக்க மறைந்துபோகிறது. பெருமை கூட்டுவதாக நினைத்துக் குறைத்துவிடுகிறார்கள்.

ஜப்பானில் கியோட்டோவின் ஹிகஷியாமா பகுதியும் நம் மாட வீதி மாதிரிதான். மலையடிவாரக் கோயில்கள், கல் பாவிய சரிவுத் தெருக்கள், இருட்டினால் விளக்கு வெளிச்சம். அங்கேயும் கூட்டம் கூட்டமாக நடத்திக் காட்டுகிறார்கள். உச்சியில் கியோமிஸு கோயில். தோன்றியது 778-ல் என்பது மரபு. இப்போதுள்ள பிரதான மண்டபம் தீக்குப் பிறகு 1633-ல் எழுப்பியது. ரெண்டு வருஷத்தையும் தனித்தனியாகவே சொல்கிறார்கள். அதே ஊரின் தங்கக் கோயிலை 1950-ல் ஓர் இளம் துறவி கொளுத்திவிட்டார். 1955-ல் திரும்பக் கட்டினார்கள். அதையும் மறைப்பதில்லை. 'ஓ, புதுசா?' என்று யாரும் திரும்பிப் போனதாகத் தெரியவில்லை.

எங்கள் பொழிச்சலூரிலும் இந்த வியாதி உண்டு. அகத்தீஸ்வரர் கோயிலை வட திருநள்ளாறு என்பார்கள். சென்னையைச் சுற்றியுள்ள ஒன்பது நவக்கிரகக் கோயில்களில் சனிக்கு இது. வேனில் வருகிறவர்களுக்கு மாலைக்குள் குன்றத்தூர், கோவூர் என்று பாக்கியையும் முடிக்க வேண்டும். கூட்டி வருகிறவர் எள் தீபம் எங்கே ஏற்றுவது, எத்தனை சுற்று என்று சொல்லிவிட்டு, "அகத்தியரே பூஜை பண்ணது, அப்ப எவ்வளவு பழசுன்னு பார்த்துக்குங்க" என்கிறார். தலபுராணத்தைத் தலபுராணம் என்றே சொன்னால் பக்தி குறைந்துவிடுமா என்ன? (பாதிப் பேச்சில் தலைக்கு மேல் விமானம் போகும். அது வரைக்கும் வாயை மூடிக்கொண்டு நிற்க வேண்டும், அது வேறு.)

வேடிக்கை என்னவென்றால், வயது சந்தேகமில்லாமல் தெரிந்த இடம் பக்கத்திலேயே இருக்கிறது. பல்லாவரம் மலையில் மகேந்திரவர்ம பல்லவன் குடைந்த குகைக்கோயில். அவனுடைய பட்டப்பெயர்களை அங்கேயே கல்லில் வெட்டி வைத்திருக்கிறான். ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதி. ஆயிரத்து நானூறு வருஷம், ஏறக்குறைய. இப்போது அது தர்கா. பல்லவன் குடைந்த கல்லுக்குள் முஸ்லிம்கள் தொழுது காப்பாற்றி வருகிற இடம். மாட வீதியில் தொப்பியோடு நின்ற கூட்டத்தை நான் இங்கே பார்த்ததில்லை.

அதே பல்லாவரத்தில்தான் 1863 மே 30-ல் ராபர்ட் புரூஸ் ஃபூட் பழைய கற்காலக் கைக்கோடரியைக் கண்டெடுத்தார். இந்தியாவில் அப்படி அடையாளம் காணப்பட்ட முதல் கருவி. ரெண்டாயிரமெல்லாம் அதற்குத் தூசு!

யாராவது ஒருவர் பல்லாவரம் ஸ்டேஷனில் ஆரம்பித்து, கோடரிக் கதையைச் சொல்லி, குகைக்குக் கூட்டிப்போய், பம்மல் வழியாக தீபாராதனை நேரத்துக்குப் பொழிச்சலூரில் கொண்டுவந்து நிறுத்தினால் நானும் வருகிறேன். நாலைந்து கிலோமீட்டர்தான். சனிக்கிழமை மட்டும் வேண்டாம். எள் விளக்குக் கூட்டத்தில் பேசுவது காதில் விழாது.