நெகிழ்ச்சி விளிம்பின் வேலை

வட்டமாகப் பின்னும் குரோஷே குல்லாவுக்கான செய்முறைகள் பொதுவாக மூன்று வாக்குறுதிகளைச் சேர்த்தே தருகின்றன: குல்லாவில் தையல் இருக்காது, மேற்பரப்பு மேடும் பள்ளமுமாக அழகாக அமையும், எந்தத் தலைக்கும் இழுபட்டுப் பொருந்தும். முதலிரண்டும் நிறைவேறிவிடுகின்றன. மூன்றாவது பெரும்பாலும் பொய்த்துப் போகிறது. ஆனால் அளவெடுக்க முடியாத தலைக்காகப் பின்னுகிறவர்களுக்கு அந்த மூன்றாவதுதான் முக்கியம். பிறக்கப்போகும் குழந்தைக்கோ, கீமோதெரபியில் முடி உதிர்ந்த ஒருவருக்கோ அனுப்பும் குல்லா நெற்றியை இறுக்கினாலும் குற்றம், கண்ணை மறைத்தாலும் குற்றம்.

வட்டமாகப் பின்னுவதில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. அதன் கணக்கு நேர்மையானது. டபுள் குரோஷே கண்ணியின் உயரம் அதன் அகலத்தைப் போல ஏறத்தாழ இரு மடங்கு. வட்டம் தட்டையாக விரிய வேண்டுமானால் ஒவ்வொரு சுற்றிலும் சுற்றளவு அந்த உயரத்தைப் போல ஆறேகால் மடங்கு கூட வேண்டும். சுற்றுக்கு 12 கண்ணிகள் கூட்டுவது இதனால்தான். உயரமும் அகலமும் ஏறக்குறைய சமமான சிங்கிள் குரோஷேக்கு 6 போதும். (நான் சொல்வது அமெரிக்கப் பெயர்கள். பிரிட்டிஷ் செய்முறையில் இதே டபுள், ட்ரெபிள் ஆகிவிடும். ஊசியை எடுக்கும் முன் இதைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.) 54 செ.மீ. சுற்றளவு வேண்டுமென்றால் விட்டம் 17 செ.மீ. வந்ததும் கூட்டுவதை நிறுத்தலாம். உச்சியிலிருந்து இறங்குவதால் நடுநடுவே தலையில் வைத்தும் பார்க்கலாம்.

சிக்கல் குரோஷே கண்ணியின் இயல்பிலேயே இருக்கிறது. இரண்டு ஊசிகளால் பின்னும் நிட்டிங்கில் துணியை அகலவாக்கில் இழுத்தால் ஒவ்வொரு வளையமும் தன் உயரத்தை விட்டுக்கொடுத்து அகலமாகும். குரோஷேயில் ஒவ்வொரு கண்ணியும் முடிந்த கையோடு பூட்டிக்கொள்கிறது. கீழ்வரை கண்ணி ஓடிப் பாழாகாமல் இருப்பது இந்தப் பூட்டால்தான். நெகிழ்ச்சி குறைவதும் இதனால்தான். கடைகளில் தொங்கும் இழுபடும் கம்பளிக் குல்லாக்கள் பெரும்பாலும் இயந்திரம் பின்னிய நிட்டிங். அந்த நெகிழ்ச்சியைக் குரோஷேயிடம் கேட்பதற்கு முன் கண்ணியின் அமைப்பைக் கேட்க வேண்டும்.

மேற்பரப்பு வேலைப்பாடுகள் எல்லாவற்றையும் ஒரே தட்டில் வைத்துவிட முடியாது. பாப்பிள், ஒரே இடத்தில் பல கண்ணிகளைத் திணித்து முடிச்சுபோல ஒன்றாக்குவது. பார்க்க அழகு, ஆனால் அந்த இடத்தில் துணி விறைத்துவிடும். வாஃபிள் பின்னலில் சதுரங்களின் கிடைமேடுகள் தலையைச் சுற்றி வளையம் வளையமாகப் படுத்து, இழுபட வேண்டிய திசையிலேயே தடையாக நிற்கின்றன. பேஸ்கட் வீவில், முந்தைய சுற்றுக் கண்ணியின் தண்டை முன்பக்கமிருந்து சுற்றிப் பின்னும் பிரன்ட் போஸ்ட்டும் பின்பக்கமிருந்து சுற்றிப் பின்னும் பேக் போஸ்ட்டும் கட்டம் கட்டமாக இடம் மாறுவதால், ஒரு கட்டத்தில் உருவான மடிப்பு அடுத்த கட்டத்தில் அறுந்துபோகிறது. பிரன்ட் போஸ்ட் ஒன்று, பேக் போஸ்ட் ஒன்று என்று மேலிருந்து கீழ்வரை மாறாமல் இறங்கும் ரிப் ஒன்றுதான் உண்மையில் நெகிழ்கிறது. முன்னால் புடைத்த தூண்களும் பின்னால் பதுங்கிய தூண்களும் சேலைக் கொசுவம் போல மடிந்து நிற்கின்றன. இழுத்தால் மடிப்பு விரிகிறது. விரிந்ததைத் திரும்ப மடக்குவது மட்டும் பின்னலின் கையில் இல்லை, நூலின் கையில் இருக்கிறது. கம்பளி திரும்பி வரும், பருத்தி விரிந்தபடியே நின்றுவிடும். போஸ்ட் வேலை கனமானது, நூலையும் அதிகம் தின்னும்; உள்பக்கம் ரிப்பின் மேடுகள் மென்மையான தலைத்தோலில் பதியவும் செய்யும்.

நெகிழ்ச்சியை மட்டும் அளந்தால் வட்டப் பின்னல் தோற்றுப்போகிறது. வெல்வது குறுக்குவாக்கில் வரிசை வரிசையாக, கண்ணித் தலையின் பின்னிழையில் மட்டும் ஊசி விட்டுப் பின்னும் ரிப். ஒவ்வொரு வரிசையும் முந்தியதை ஒற்றை இழையால் மட்டுமே பற்றியிருப்பதால் அந்த இடம் கீல்போல மடங்கி விரிகிறது. அதையே ஸ்லிப் ஸ்டிட்ச்சில் பின்னினால் நிட்டிங் ரிப்புக்கு மிக நெருங்கி வரும், வேலை மிக மெதுவாகப் போகும் என்றாலும். ஆனால் முழுக் குல்லாவையும் இப்படிச் செய்தால் பக்கத்தில் நீளத் தையல் விழும். உச்சியில் எல்லா வரிசைகளையும் சேர்த்துச் சுருக்க, அங்கே ஒரு தடித்த முடிச்சு தங்கிவிடும்.

ஆகவே என் தீர்ப்பு, முழுக் குல்லாவும் இழுபட வேண்டும் என்று கேட்பதே தவறு. தலையைப் பற்றிப் பிடிப்பது காதுக்கு மேலே ஓடும் ஐந்தாறு செ.மீ. பட்டை மட்டும்தான். உச்சியும் உடலும் தலையின் அளவுக்கே இருந்தால் போதும். அங்கே வாஃபிளோ பேஸ்கட் வீவோ விரும்பியதைச் செய்யலாம். உடலை 54 செ.மீ. சுற்றளவில் வட்டமாக இறக்கி, கடைசிச் சுற்றோடு இணைத்துக்கொண்டே பின்னிழை ரிப்பைக் குறுக்காகப் பின்ன வேண்டும். ஊசி ஒரு மி.மீ. சிறியதாக இருக்கட்டும். உடலின் ஒன்பது பத்துக் கண்ணிகளுக்கு ஒன்றைத் தாவினால் விளிம்பு 48 செ.மீ. அளவில் சுருங்கி நின்று, தலைக்கு ஏற்ப விரியும். ஒரு சிறு தையல் வரத்தான் செய்யும். அது ரிப்பின் பள்ளத்தில் மறைந்துவிடும். தையலே கூடாது என்று பிடிவாதம் பிடிப்பவர்கள் போஸ்ட் ரிப்பைக் கம்பளியில் செய்யலாம். அது இரண்டாம் இடத்துக்குத் தகுதியானது, முதல் இடத்துக்கு இல்லை.

செய்முறை எழுதுகிறவர்களிடம் ஒரு கோரிக்கையும் உண்டு. விளிம்பு சும்மா கிடக்கும்போது எத்தனை செ.மீ., சிரமமின்றி இழுத்தால் எத்தனை செ.மீ. என்று இரண்டு எண்களையும் அச்சிடுங்கள். ஊசி அளவையும் நூல் கனத்தையும் சொல்லிவிட்டு இந்த இரண்டையும் விட்டுவிட்டால், யாருடைய தலைக்குப் பொருந்தும் என்பதைப் பின்னுகிறவரே ஊகித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.