ஒற்றைக் குளிசை வைத்தியம்: ஒரு மதிப்பீடு

கந்தளாய்க் குளத்து நீரால் வாழ்கிற தம்பலகாமப் பிரதேசத்தில், தொண்டை நோவுக்கோ, காலிற் பட்ட வெட்டுக் காயத்துக்கோ, சலக்கடுப்புக்கோ அன்ரிபயோட்டிக் குளிசை வாங்கி ஐந்தாறு நாள் விழுங்கிய ஒரு பெண், வந்த வியாதி தீர்ந்தது என்று ஆறுதல் கொள்ளும் வேளையிலேயே, பிறப்புறுப்பில் பொறுக்க முடியாத கடியும், சிறுநீர் பட்டால் எரிவும், கட்டி கட்டியாகத் திரண்ட வெள்ளையும் கண்டு கலங்குவது அபூர்வமான சம்பவம் அன்று. அவள் இரண்டு நாள் அதை மறைப்பாள். மூன்றாம் நாள் தாங்காமல் பாமசிக்குப் போய், அங்கு நிற்கும் ஆண்கள் மருந்து வாங்கிக்கொண்டு அகலும்வரை பற்பசைப் பெட்டிகளைப் பார்ப்பவள்போல் ஒதுங்கி நின்று, பிறகு தாழ்ந்த குரலில், “தம்பி, கடிக்கு ஒரு குளிசை தாங்க” என்பாள். “எத்தனை நாளாக் கடிக்குது அக்கா?” என்பதற்கு மேல் கேட்க அந்த இளைஞனும் கூசுவான். புளுக்கொனசோல் 150 மில்லிகிராம் குளிசை ஒன்று கடதாசி உறைக்குள் மடிக்கப்பட்டுக் கைமாறும். வைத்தியம் அத்துடன் முடிந்தது. இலங்கையின் ஊர்கள் பலவற்றிலும், தமிழ்நாட்டிலும், ஏன், மேல்நாட்டு நகரங்களிலும் நிலைபெற்றுவிட்ட இந்த வழக்கம் சரியா, பிழையா என்பதை நிதானமாக நிறுத்துப் பார்க்கவேண்டும். ஏனெனில் இதைக் கண்டிப்பதும் சுலபம், இதுவே போதும் என்று அயர்ந்துவிடுவதும் சுலபம்.

காரணத்தை முதலில் தெளிந்துகொள்வோம். ஆல்பர்ட் டோடர்லைன் என்னும் ஜெர்மானிய வைத்தியர் 1892ஆம் ஆண்டில் விவரித்த லக்டோபசிலசு இனத்துப் பற்றீரியாக்கள், ஆரோக்கியமான பெண்ணின் யோனியிற் குடியிருந்து, அங்குள்ள கலங்கள் தரும் மாச்சத்தை லக்டிக் அமிலமாக மாற்றி, பீ.எச். பெறுமானம் 4.5க்கு மேல் ஏறாதபடி அவ்விடத்தைக் காக்கின்றன. கண்டிடா அல்பிகன்சு என்னும் பங்கசும் 100 பெண்களில் 10 முதல் 20 பேரின் யோனியில் யாதொரு உபத்திரவமும் செய்யாமல் உடன் வாழ்கிறது. நாற்று நெருங்கிப் பிடித்த வயலிற் களை தலைதூக்காது. நெல் அழிந்து களை மாத்திரம் தப்புமாயின், வெறுமையான நிலத்தைக் களையே முதலிற் கைப்பற்றும். அன்ரிபயோட்டிக் பற்றீரியாவைக் கொல்லும், பங்கசைத் தொடாது என்பதால், தொண்டைக் கிருமியை அழிக்கப் போன மருந்து யோனியின் காவலையும் குலைத்துவிடுகிறது; பலவகைப் பற்றீரியாக்களை ஒருசேர அழிக்கும் மருந்துகளில் இந்த அபாயம் அதிகம்.

அன்ரிபயோட்டிக்குகள் உலகெங்கும் பரவத் தொடங்கிய காலத்திலேயே வைத்திய உலகம் இதைக் கண்டுகொண்டது. நியூ யோர்க் மாநிலச் சுகாதாரத் திணைக்களத்திற் பணிபுரிந்த எலிசபெத் ஹேசன், ரேச்சல் பிரவுண் என்னும் இரு பெண் விஞ்ஞானிகள், வேர்ஜீனியாவில் ஒரு பண்ணையின் மண்ணிலிருந்து பிரித்த நுண்ணுயிரின் வழியாக நிஸ்டாற்றின் என்னும் பங்கசுக்கொல்லியை 1950இல் அறிவித்தனர்; அதனால் வந்த பெருந்தொகையைத் தமக்கென வைத்துக்கொள்ளாமல் விஞ்ஞான ஆராய்ச்சிக்கே ஈந்தனர். பெண்களின் இந்த உபாதைக்கு முதல் நம்பகமான ஔஷதத்தைத் தந்தவர்கள் பெண்களே என்பதை இங்கே நன்றியுடன் சொல்லாமற் போக மனம் வரவில்லை. அதன்பின் வந்தவையே இன்று வழங்கும் குளொற்றிமசோலும் புளுக்கொனசோலும்.

ஒற்றைக் குளிசை வழக்கத்தின் பக்கமுள்ள நியாயங்களைக் குறைக்காமற் சொல்லவேண்டும். மெய்யாகவே கண்டிடாத் தொற்றாயின், புளுக்கொனசோல் 150 மில்லிகிராம் ஒரே தடவை விழுங்குவதும், குளொற்றிமசோல் 500 மில்லிகிராம் குளிசை ஒன்றை இரவிற் படுக்குமுன் யோனியினுள் வைப்பதும், அல்லது 100 மில்லிகிராம் வீதம் ஆறேழு இரவுகள் வைப்பதும் ஏறத்தாழச் சமமான பலனைத் தருவன. 100 பேரில் 80 முதல் 90 பேருக்குக் குணமாகும். இத்தனை குறைந்த செலவில், இத்தனை குறைந்த தொல்லையுடன், இத்தனை நிச்சயமாகத் தீரும் வியாதிகள் அதிகமில்லை. மறுபக்கத்தில், நாற்று நடவோ களையெடுப்போ நடக்கும் நாளில் ஒரு பெண் பஸ்ஸேறித் திருகோணமலைக்குப் போய், கிளினிக்கிற் காத்திருந்து, முன்பின் அறியாத வைத்தியருக்கு உடம்பைக் காட்டித் திரும்புவதானால், அன்றைய கூலியை இழப்பதோடு, “எதற்காகப் போனாய்?” என்று கேட்கும் அயலுக்கும் பதில் சொல்லவேண்டும். சங்கோசத்தை அறியாமை என்று இகழ்கிறவர்கள், அதற்கு அந்தப் பெண் கொடுக்கும் விலையை எண்ணிப் பார்ப்பதில்லை. பாமசிக் குளிசை அவளுடைய மானத்தைக் காக்கிறது, கூலியைக் காக்கிறது, பல வேளைகளில் வியாதியையும் தீர்க்கிறது.

ஆயினும் இந்த நியாயங்கள் அனைத்தும், “மெய்யாகவே கண்டிடாத் தொற்றாயின்” என்ற நிபந்தனையின்மேல் நிற்கின்றன. குளொற்றிமசோல் போன்ற பூச்சு மருந்துகளை வைத்தியரின் துண்டு இல்லாமலே வாங்கலாம் என்று அமெரிக்காவில் 1990 அளவில் அனுமதித்தபோது, பெண்கள் தம் வியாதியைத் தாமே அறிவர் என்ற நம்பிக்கையே அதற்கு ஆதாரமாயிருந்தது. 2002இல் வெளியான ஓர் ஆய்வில், அவ்வாறு மருந்து வாங்கிய 95 பெண்களைப் பரிசோதித்தபோது, கண்டிடாத் தொற்று மட்டும் இருந்தவர்கள் மூன்றில் ஒரு பங்கினரே. ஐவரில் ஒருவருக்குப் பற்றீரியாச் சமநிலை குலைவதால் வரும் யோனியழற்சி இருந்தது. ஏறக்குறைய அதேயளவினருக்கு ஒன்றுக்கு மேற்பட்ட தொற்று. ஏழில் ஒருவருக்கு எந்த வியாதியுமே இல்லை. முன்னர் ஒருமுறை வைத்தியர் பரிசோதித்துக் கண்டிடா என்று சொல்லக் கேட்ட பெண்களும், மற்றவர்களைவிடச் சரியாக அறிந்தவர்களாகத் தோன்றவில்லை. “எனக்கு இது முன்பும் வந்தது, எனக்குத் தெரியும்” என்னும் வாதத்தின் பலத்தை இது வெகுவாகக் குறைத்துவிடுகிறது.

பிழையான நிர்ணயத்தின் விளைவு, குளிசைக்குக் கொடுத்த காசு வீணாவதோடு நிற்பதன்று. பற்றீரியாவினால் வரும் யோனியழற்சிக்கு மீன்வாடை உண்டு, பீ.எச். 4.5க்கு மேல் ஏறும், மெற்றோனிடசோல் 400 மில்லிகிராம் காலை மாலை ஐந்து முதல் ஏழு நாள் வேண்டும். புளுக்கொனசோல் அதை ஒன்றும் செய்யாது. திரைக்கோமொனாசு என்னும் ஒட்டுண்ணியால் வருவதற்கும் மெற்றோனிடசோலே மருந்து, கணவனும் கூடவே உட்கொண்டாலன்றி அது திரும்ப வரும். அடிவயிற்று நோவும் காய்ச்சலும் சேர்ந்திருப்பின் கருப்பையும் அதன் குழாய்களும் தொற்றுக்கு ஆளாகியிருக்கலாம். அங்கே ஒரு வாரத் தாமதம் பின்னாளிற் பிள்ளைப்பேற்றையே பாதிக்கக்கூடும். கருவுற்றவள் புளுக்கொனசோல் விழுங்குதல் தகாது, அவளுக்குக் குளொற்றிமசோல் ஏழு இரவு என்பதே முறை. மாதவிடாய் நின்றுபோன பெண்களில் கண்டிடாத் தொற்று குறைவு என்பதால், அந்த வயதில் வரும் கடியைப் பார்க்காமலே பங்கசு என்று தீர்த்துவிடுவது பெரும் பிழை. இனி, இந்தத் தொற்று அடிக்கடி வர இடங்கொடுக்கும் நீரிழிவு. ஆண்டுக்கு மூன்று நான்கு தடவை இந்த உபாதை வந்து, ஒவ்வொரு தடவையும் ஒரு குளிசையால் அடங்கிப்போகும் பெண்ணின் இரத்தத்தில் வெல்லம் கூடியிருக்கிறதா என்று யாரும் பாராமல் ஆண்டுகள் கழிவதை, இவ்வழக்கத்தின் மிகக் கொடிய தோஷமாக நான் கருதுகிறேன்; அவ்வாறு கடை மேசையில் அடங்கும் கடி, கிளினிக்கில் வெளிப்பட்டிருக்கக்கூடிய ஒரு நீரிழிவை மேலும் சில காலம் மறைத்துவிடக்கூடும்.

பரிசோதனையோ கடினமான காரியம் அன்று. பஞ்சுக் குச்சியால் எடுத்த கசிவைக் கண்ணாடித் தகட்டில் தடவி, பொற்றாசியம் ஐதரொட்சைட்டுக் கரைசலில் ஒரு துளி விட்டு நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்தால், மற்றக் கலங்கள் கரைந்து மங்க, கண்டிடாவின் கிளைத்த இழைகளும் அரும்பும் உருண்டைகளும் சில நிமிடங்களிற் கண்ணுக்குத் தெரியும்.

இங்கே ஒரு வாதத்தை எதிர்நோக்கவேண்டும். அமெரிக்கப் பெண்களின் கணக்கு, எல்லாவிதக் கடியையும் சேர்த்த கணக்கு. அன்ரிபயோட்டிக் எடுத்து ஒன்றிரண்டு வாரத்துக்குள், வாடையில்லாமல், காய்ச்சலோ வயிற்றுநோவோ இல்லாமல், கட்டித்த வெள்ளையுடன் வருவது கண்டிடாவாகவே இருக்கும் சாத்தியம் அதைவிட அதிகம் அல்லவா? நியாயமான வாதம், நானும் அதை ஏற்கிறேன். ஆனால் அந்த வாதம் செல்லவேண்டுமானால், “அண்மையில் என்ன மருந்து குடித்தீர்கள்?” என்ற ஒரு கேள்வி அந்த மேசையிற் கேட்கப்படவேண்டும். அந்தக் கேள்விதான் கேட்கப்படுவதில்லை. கேட்கப்படாமைக்கு ஒரு காரணமும் உண்டு: முதலில் வாங்கிய அன்ரிபயோட்டிக்கும் பல வேளைகளில் அதே மேசையில், துண்டு எதுவுமின்றி, தடிமனுக்கும் சாதாரண இருமலுக்குமாகக் கொடுபட்டதே. தடிமன் வைரசினால் வருவது; அதற்கு அன்ரிபயோட்டிக் செய்வது ஒன்றுமில்லை. 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கத் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபைச் சட்டம் நடைமுறையில் இருந்தும், துண்டில்லாத விற்பனை ஓய்ந்தபாடில்லை. வேண்டாத மருந்தால் வந்த உபாதைக்கு வேறொரு மருந்தை விற்பதைச் சிகிச்சை என்று சொல்ல நா எழவில்லை.

வயலில் இறங்கும் பெண்களுக்கு இன்னொரு வழியிலும் இது வரக்கூடும். எலிக்காய்ச்சல் அச்சமுள்ள காலங்களில், சேற்றில் வேலை செய்வோருக்குச் சுகாதாரப் பகுதியினர் வாரம் ஒருமுறை டொக்சிசைக்கிளின் 200 மில்லிகிராம் வழங்குகின்றனர். உயிர் குடிக்கும் நோயைத் தடுக்கும் அந்த ஏற்பாட்டைக் குறைகூற எவருக்கும் நியாயமில்லை; ஆனால் அக்குளிசையினாலும் கண்டிடாத் தொற்று வரலாம், வந்தால் பயப்படாமல் வந்து சொல்லுங்கள் என்று பெண்களுக்கு ஒரு வார்த்தை கூறினால், கடியைக் கண்டு குளிசையையே கைவிடும் நிலை நேராது.

கைமருந்துகளையும் தொட்டுச் செல்லவேண்டும். “உடம்புச் சூடு, தயிர் சாப்பிடு” என்பது எருமைத் தயிருக்குக் குறைவில்லாத இப்பிரதேசத்தில் தாய் மகளுக்குச் சொல்லும் முதற் புத்திமதி. தயிரிலும் நற்பற்றீரியா உண்டாதலால் இது விஞ்ஞானத்துக்கும் ஒத்ததுபோலத் தோன்றும். மெல்பேர்ணில் அன்ரிபயோட்டிக் எடுத்த 18 முதல் 50 வயதுவரையான பெண்களுக்கு, லக்டோபசிலசை வாய்வழியாகவும் யோனிவழியாகவும் கொடுத்துச் செய்த பரீட்சையின் முடிவு 2004இல் ‘பிரிட்டிஷ் மெடிக்கல் ஜேர்னல்’ சஞ்சிகையில் வெளியாயிற்று: 235 பெண்களில் 55 பேருக்கு, அதாவது 23 வீதத்தினருக்கு, உபாதை வந்தது, லக்டோபசிலசு அதைத் தடுக்கவில்லை. தயிர் நல்ல உணவு, இதற்கு மருந்தன்று. டெட்டோல் கலந்த நீராலும் வாசனைச் சவர்க்காரத்தாலும் உட்புறம் கழுவுவதோ, எஞ்சிய காவலையும் அழித்துத் தோலைப் புண்ணாக்கும் காரியம்.

அதே 23 வீதம் இன்னொரு வழக்கத்துக்கும் தீர்ப்பாகிறது. அன்ரிபயோட்டிக் எழுதும்போதே துணைக்கு ஒரு புளுக்கொனசோலையும் எழுதிவிடும் வைத்தியர்கள் உளர். முன்பு ஒவ்வொரு தடவையும் துன்பப்பட்ட பெண்ணுக்கு அது கருணையான செயல். எல்லாப் பெண்களுக்கும் எழுதுவதானால், நால்வரில் மூவருக்கு மேற்பட்டோர் தேவையின்றி விழுங்குவர், பங்கசும் மருந்துக்குப் பழகிப்போகும்.

சொல்லத் தயங்கும் ஒன்றையும் சொல்லிவிடவேண்டும். இந்த வெள்ளையைக் கண்டு கணவன் மனைவியைச் சந்தேகிப்பதும், மனைவி கணவனைச் சந்தேகிப்பதும், விவாகமாகாத பெண் தன்னைத் தானே குற்றவாளியாகக் கூனிக்குறுகுவதும் நடக்கின்றன. கண்டிடாத் தொற்று பாலுறவு நோயாகக் கணிக்கப்படுவதன்று; அதற்குக் கணவன் மருந்தெடுக்க வேண்டியதும் பொதுவாக இல்லை. பாமசி மேசையின் மௌனம் அவளுடைய மானத்தைக் காத்தது என்றேன். இந்த ஒரு செய்தியை அவளுக்குச் சொல்லாமல் விட்டதும் அதே மௌனந்தான்.

ஆகவே என் தீர்ப்பு இது. அன்ரிபயோட்டிக் எடுத்த சில நாட்களில், முன்பு ஒருமுறையேனும் பரிசோதனையில் உறுதியான அதே குறிகள் வந்தால், கருவுறாத பெண் ஒருத்தி ஒருமுறை ஒற்றைக் குளிசையால் தீர்த்துக்கொள்வதிற் குற்றமில்லை. வேறு குளிசைகள் தொடர்ந்து உட்கொள்பவள், முக்கியமாக இரத்தம் உறையாதிருக்க வார்பரின் எடுப்பவள், கேட்காமல் விழுங்கலாகாது. தொடங்கிய அன்ரிபயோட்டிக்கை வைத்தியரைக் கேளாமல் இடையில் நிறுத்தவும் வேண்டாம். முதன்முறையாக வந்தாலும், ஒரு வாரத்தில் அடங்காவிட்டாலும், இரண்டு மாதத்துக்குள் திரும்பினாலும், வாடையோ காய்ச்சலோ வயிற்றுநோவோ கண்டாலும், குளிசை போதாது, பரிசோதனை வேண்டும்.

வீடுவீடாக வரும் குடும்பநல உத்தியோகத்தரிடம் இதைச் சொல்வது பாமசியிற் சொல்வதைவிட எளிது. பிள்ளையை நிறுக்கும் அதே வருகையில் அவரே ஒரு வார்த்தை கேட்டுவிட்டால் இன்னும் எளிது. 1996 முதல் நாட்டில் நடந்துவரும் சுகவனிதையர் கிளினிக் 35 வயதுப் பெண்களைச் சிறப்பாகக் கருதியது; கர்ப்பிணிகளுக்கும் தாய்மாருக்கும் வேறு கிளினிக்குகள் உண்டு. விவாகமாகாத பெண்ணும் விதவையான மூதாட்டியுமே இந்த ஏற்பாடுகளின் விளிம்பில் நிற்கிறார்கள். அவர்களைத் தேடிப் போய்க் கேட்பதற்கு ஒரு வழியைச் சுகாதாரப் பகுதியினர் காணவேண்டும்.

அன்ரிபயோட்டிக்கை எழுதும் வைத்தியர்களையும், எடுத்துக் கொடுக்கும் மருந்தாளர்களையும் நான் வேண்டிக்கொள்வது ஒன்றே: பெண்ணின் கையில் அந்த உறையை வைக்கும்போது, “இதனால் கடியும் வெள்ளையும் வரலாம், வந்தால் வெட்கப்படாமல் வந்து சொல்லுங்கள்” என்று வாய்திறந்து சொல்லுங்கள். பெண்களுக்குச் சொல்வது: திருகோணமலை மாவட்டப் பொது வைத்தியசாலையின் பாலியல் நோய்ச் சிகிச்சை நிலையத்தில் வெள்ளைபடுதலுக்கும் பரிசோதனை உண்டு, கட்டணமில்லை, பெயர் வெளியே போகாது.