செய்தியறையும் திரைச்சட்டகமும்: ‘ரைட்டிங் வித் ஃபயர்’ ஆவணப்படமும் கபர் லஹரியாவின் மறுப்பும்

முன்னுரை

இந்திய ஊடகங்களில் சமூகப் பன்மை குறித்த விவாதம் பெரும்பாலும் எண்ணிக்கையைச் சார்ந்தே நிகழ்கிறது. அதற்கு நியாயமும் உண்டு. ஆக்ஸ்பாம் இந்தியாவும் நியூஸ்லாண்ட்ரியும் 2019இல் வெளியிட்ட அறிக்கை, ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட ஊடகங்களின் 121 தலைமைப் பொறுப்புகளில் 106இல் உயர்சாதியினரே இருந்தனர் எனவும், பட்டியல் சாதியினரோ பழங்குடியினரோ ஒருவரும் இல்லை எனவும் காட்டியது. எனினும் ஒடுக்கப்பட்டோர் செய்தியறைக்குள் வந்துவிட்டனரா என்பதோடு விவாதம் நின்றுவிட்டால், எது செய்தி என்று தீர்மானிக்கும் அதிகாரம் யாரிடம் உள்ளது என்னும் வினா மறைந்துபோகிறது. ரிந்து தாமஸ், சுஷ்மித் கோஷ் ஆகியோர் இயக்கிய ‘ரைட்டிங் வித் ஃபயர்’ (2021) ஆவணப்படத்தையும், அதற்குக் கபர் லஹரியா தெரிவித்த மறுப்பையும் இவ்வினாவின் வழியே இக்கட்டுரை மதிப்பிடுகிறது.

கபர் லஹரியாவின் செய்தியறை

உத்தரப் பிரதேசத்தின் சித்ரகூட மாவட்டத்தில் 2002இல் கபர் லஹரியா தொடங்கப்பட்டது. பெண் கல்வித் தளத்தில் இயங்கிய ‘நிரந்தர்’ என்னும் தில்லி அமைப்பு இதற்குத் துணை நின்றது. செந்தர இந்தியைத் தவிர்த்து, வட்டார வழக்காகிய புந்தேலியில் இதழ் எழுதப்பட்டது. பின்னர் அவதி, போஜ்புரி முதலியவற்றிலும் பதிப்புகள் வந்தன. முறையான கல்வியைப் பாதியில் இழந்த பெண்கள் எழுதவும் செய்தி திரட்டவும் பயின்று, அச்சான இதழைத் தாமே ஊர் ஊராக எடுத்துச் சென்று விற்றனர். 2004இல் சமேலி தேவி ஜெயின் விருதும், 2009இல் யுனெஸ்கோவின் கிங் செஜோங் எழுத்தறிவுப் பரிசும் இம்முயற்சிக்குக் கிடைத்தன.

இங்கு இரண்டு கூறுகள் முதன்மையானவை. ஒன்று, இது தலித் பெண்களோடு இசுலாமிய, பிற்படுத்தப்பட்ட, பழங்குடிச் சமூகப் பெண்களும் இணைந்து உருவாக்கிய செய்தியறை. மற்றொன்று, குடிநீர், சாலை, நியாய விலைக் கடை, ஊராட்சி நிர்வாகம் போன்ற அன்றாடப் பொருள்களே அதன் செய்திப் பரப்பின் அடித்தளம். தம்மைப் பற்றிப் பிறர் எழுதிவந்த நிலையை மாற்றி, தம் ஊரைப் பற்றித் தாமே எழுதும் உரிமையை நிறுவியதே இவ்விதழின் சாதனை எனலாம்.

படம் காட்டுவன

அச்சிதழிலிருந்து எண்ணிம ஊடகத்திற்கு மாறும் காலத்தைப் படம் பின்தொடர்கிறது. இளம் வயதிலேயே மணமாகிப் பின்னர்ப் படிப்பைத் தொடர்ந்த மீரா, சட்டவிரோதச் சுரங்கங்களைப் பற்றிச் செய்தி திரட்டும் சுனிதா, திறன்பேசியைக் கையாளத் தயங்கித் தயங்கிக் கற்கும் சியாம்கலி ஆகிய மூவர் வழியே கதை நகர்கிறது. இதழியல் என்னும் பணி இப்பெண்களின் குடும்பத்திலும் தெருவிலும் எத்தகைய எதிர்ப்பைச் சந்திக்கிறது என்பதைப் படம் நுட்பமாகப் பதிவு செய்துள்ளது. குறிப்பாக, மூத்த செய்தியாளர் இளையவருக்குப் பொறுமையோடு தொழில் கற்பிக்கும் காட்சிகள், செய்தியறையே பள்ளிக்கூடமாக இயங்குவதைப் புலப்படுத்துகின்றன. சன்டான்ஸ் விழாவில் பரிசு பெற்ற இப்படம் 2022இல் ஆஸ்கர் விருதுக்கும் பரிந்துரைக்கப்பட்டது.

படம் விடுவன

படத்தின் கதைக்கட்டுக்கு ஒரு மையமும் ஓர் எதிர்த்தரப்பும் தேவைப்பட்டன. பல சமூகத்தார் கூடிய செய்தியறை, ‘தலித் பெண்கள் நடத்தும் இதழ்’ என்னும் ஒற்றை அடையாளத்துள் சுருங்கியது. தேர்தல் காலக் காட்சிகள் பெற்ற அழுத்தத்தால், அன்றாட உள்ளூர்ச் செய்திப்பணி பின்னணிக்குத் தள்ளப்பட்டது. ஒரு செய்தி எவ்வாறு தேர்ந்தெடுக்கப்படுகிறது, யார் திருத்துகின்றனர், கருத்து வேறுபாடு எழுந்தால் எவ்வாறு முடிவெடுக்கப்படுகிறது என்பன போதிய இடம் பெறவில்லை. ஆகவே, செய்தியாளரின் துணிவை உணரும் பார்வையாளர், அத்துணிவைத் தாங்கிநிற்கும் ஆசிரியர் குழுவின் நடைமுறையை அறிய இயலாது போகிறது.

மறுப்பின் பொருள்

ஆஸ்கர் விழாவுக்குச் சில நாள்களுக்கு முன், 2022 மார்ச்சில், கபர் லஹரியா ஓர் அறிக்கை வெளியிட்டது. படத்தின் ஆற்றலை ஏற்றுக்கொண்ட அவ்வறிக்கை, ஒரே கட்சியைக் குறித்த செய்திகளிலேயே தம் கவனம் குவிந்துள்ளதாகப் படம் காட்டுவது சரியன்று எனச் சுட்டியது.

எப்படமும் தேர்வின் விளைவே. எல்லாவற்றையும் காட்டுதல் இயலாது என இதற்கு விடை கூறலாம். அவ்விடை கலை உரிமையைப் பொறுத்தவரை ஏற்கத்தக்கது. ஆனால் தேர்வின் விளைவைச் சுமப்போர் யார் என்பதை அது கருதுவதில்லை. இயக்குநர் படப்பிடிப்பை முடித்துக்கொண்டு அடுத்த படைப்புக்குச் செல்லலாம். செய்தியாளரோ அதே ஊரில், அதே காவல் நிலையத்தில், எல்லாக் கட்சியினரிடமும் மறுநாளும் கேள்வி கேட்க வேண்டியவர். நடுநிலை பற்றிய ஊராரின் நம்பிக்கையே அவருக்குப் பாதுகாப்பு. அதுவே அவருடைய தொழில் முதலும் ஆகும். அந்நம்பிக்கை குலையுமாயின், உலக அரங்கின் பாராட்டு அதனை ஈடுசெய்யாது. இவ்வகையில் அவ்வறிக்கையை, தம்மை வரையறுக்கும் உரிமையைச் செய்தியறை மீண்டும் கையிலெடுத்த இதழியல் செயலாகக் கொள்ளுதல் பொருந்தும்.

முடிவுரை

தன்னை வரையறுக்கும் உரிமைக்கான இப்போராட்டம் தமிழ் இதழியல் வரலாற்றுக்கும் புதிதன்று. இரட்டைமலை சீனிவாசன் 1893இல் தம் இதழுக்குப் ‘பறையன்’ எனப் பெயரிட்டார். அயோத்திதாசர் 1907இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ எனத் தொடங்கினார். முன்னவர் இழிவாகக் கருதப்பட்ட பெயரையே ஏந்தினார். பின்னவர் அதனின் வேறான பொதுப்பெயரைத் தேர்ந்தார். வழிகள் வேறாயினும், பெயரிடும் உரிமை இருவரிடமும் இருந்தது. கபர் லஹரியா 2022இல் கோரியதும் அவ்வுரிமையையே. ஆதலால் செய்தியறையின் சமூகப் பன்மையை அளக்கும் ஆய்வுகள், அங்கு யார் இருக்கின்றனர் என்பதோடு, அவர்களைப் பற்றிய சொல் யாரால் எழுதப்படுகிறது என்பதையும் கணக்கில் கொள்ளுதல் வேண்டும். ‘ரைட்டிங் வித் ஃபயர்’ முதல் வினாவுக்குச் சிறந்த விடை. இரண்டாம் வினாவுக்கு அதன் மீதான மறுப்பே விடையாகிறது.