திறந்த அமைப்புகளில் மென்பொருள் முகவர்களின் திட்ட ஒருங்கிணைப்பு: அகநிலையும் கடப்பாடும்

முன்னுரை

தனித்தனியே உருவாக்கப்பட்ட மென்பொருள் முகவர்கள் தத்தம் திட்டங்களை ஒன்றோடொன்று இசைவித்தல் பரவல் செயற்கை நுண்ணறிவுத் துறையின் அடிப்படைச் சிக்கல்களுள் ஒன்று. ஒரே குழுவினர் வடிவமைத்த மூடிய அமைப்பில் முகவர்களின் நோக்கமும் நேர்மையும் வடிவமைப்பாளரின் கையில் உள்ளன. திறந்த அமைப்பில் அந்த உறுதி இல்லை. மையக் கட்டுப்பாடின்மை, முரண்பட்ட தகவல்கள் ஆகியவற்றை அதன் இயல்புகளாகக் கார்ல் ஹெவிட் 1985இல் சுட்டினார். மூடிய அமைப்புக்கென எழுந்த கோட்பாடுகள் திறந்த அமைப்புக்கு எந்த அளவு பொருந்தும் என்பதை இக்கட்டுரை மதிப்பிடுகிறது.

தொடக்ககால நெறிமுறைகள்

ரீட் ஸ்மித் 1980இல் வெளியிட்ட ஒப்பந்த வலை நெறிமுறையில், ஒரு முகவர் பணியை அறிவிக்கும். பிற முகவர்கள் ஏலம் கேட்கும். தகுதியானதற்குப் பணி வழங்கப்படும். எளிமையே இதன் சிறப்பு. ஆயினும் முதல் ஏலத்தின் முடிவு தெரியுமுன் இரண்டாம் பணிக்கும் ஏலம் கேட்ட முகவர், இரண்டையும் பெற்றால் ஒன்றைக் கைவிட நேரும். அக்கைவிடலைத் தடுப்பது முகவரின் நல்லெண்ணமே.

எட்மண்ட் டர்ஃபீ, விக்டர் லெசர் ஆகியோர் 1987இல் முன்வைத்த பகுதி முழுமைத் திட்டமிடல் மேலும் நுட்பமானது. ஊர்திகளின் இயக்கத்தைக் கண்காணிக்கும் கணுக்கள் தம் திட்டச் சுருக்கங்களைப் பரிமாறி, பொது இலக்குடையவற்றை இணைத்துச் செயல்வரிசையை மாற்றிக்கொள்கின்றன. பரிமாறப்படும் திட்டம் உண்மையானது என்ற எடுகோள் இங்கும் உள்ளுறைந்துள்ளது.

அகநிலைப் பொருண்மையின் குறை

1996இல் தோன்றிய ஃபிபா அமைப்பின் முகவர் மொழி இந்த எடுகோளை வெளிப்படையான விதியாக்கியது. ஒன்றைத் தெரிவிக்கும் முகவர் அதனைத் தானே நம்பவேண்டும் என்பது அவ்விதி. பிறர் எழுதிய நிரலின் உள்நிலையைக் காண இயலாத சூழலில் இவ்விதி மீறப்பட்டதா எனச் சோதிக்க வழியில்லை. முனிந்தர் சிங் 1998இல் இக்குறையைச் சுட்டி, பொருண்மையைச் சமூகக் கடப்பாட்டின்மீது நிறுவவேண்டும் என வாதிட்டார். யார், யாருக்கு, எதற்குக் கடமைப்பட்டார் என்பது செய்திப் பரிமாற்றத்திலேயே பதிவாகிறது. ஆதலின் மீறலைப் பிறர் கண்டறியலாம்.

கடப்பாட்டின் எல்லை

இத்திருப்பம் தேவையானது, ஆனால் போதுமானதன்று. மீறல் நிகழ்ந்தபின் கண்டறியப்படுகிறது. திட்டமிடலுக்கோ முன்னறிவிப்புத் தேவை. கடப்பாட்டை எப்போது மறுபரிசீலிக்கலாம், யாருக்கு அறிவிக்கவேண்டும் என்ற மரபுகளையும் ஒருங்கிணைப்பின் அடித்தளமாக நிக்கோலஸ் ஜென்னிங்ஸ் 1993இல் வலியுறுத்தியது இங்குப் பொருந்துகிறது. எனினும் சொல்லாமலே விலகும் முகவர் அம்மரபையும் கடைப்பிடிக்காது. எனவே ஒவ்வொரு கடப்பாடும் காலக்கெடுவைத் தன் உறுப்பாகக் கொள்ளவேண்டும். கெடுவுக்குள் உறுதிசெய்தி வராவிடின் மற்ற முகவர்கள் மாற்றுத் திட்டம் வகுக்கும் உரிமை பெறவேண்டும்.

மற்றொரு இடர் அடையாளம் பற்றியது. கடப்பாட்டை மீறிய முகவர் புதுப்பெயருடன் மீண்டும் நுழைய முடியுமாயின் மீறலின் பதிவு பயனற்றுப்போகும்.

முடிவுரை

மூடிய அமைப்பின் கோட்பாடுகள் நேர்மையை முன்னரே கிடைத்த பொருளாகக் கொண்டன. திறந்த அமைப்பில் அது நெறிமுறையால் ஈட்டப்படவேண்டியது. காணத்தக்க கடப்பாடு, காலக்கெடு, நிலைத்த அடையாளம் ஆகிய மூன்றும் ஒருசேர அமையும்போதே தன்னுரிமையுடைய முகவர்களின் திட்டங்கள் நம்பத்தகுந்த வகையில் இசையும்.