பஞ்சமும் மன்றாட்டும்: வேதநாயகரின் கீர்த்தனைகளும் பெங்களூர்ச் சூழலும்

பெங்களூரின் சிவாஜிநகர்ப் பகுதியில் உள்ள புனித மரியன்னை பேராலயத்தின் இன்றைய கட்டடம் 1875இல் தொடங்கப்பெற்று, 1882ஆம் ஆண்டு செப்டம்பர் 8ஆம் நாள் அர்ச்சிக்கப்பெற்றது. ஆலய வரலாற்றில் வெறும் கட்டுமானக் காலமாக அமைந்துவிடும் இவ்வேழாண்டுகளின் நடுவே ஒரு பெரும்பஞ்சம் கிடக்கின்றது. 1876இல் பருவமழை பொய்த்தது. தமிழ் மக்கள் ‘தாது வருடப் பஞ்சம்’ என நினைவுகூரும் அக்கொடுமை அடுத்துவந்த ஈசுவர ஆண்டிலும் நீடித்தது. மைசூர் நாட்டின் மக்கள்தொகை 1871ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 50,55,412. 1881இல் அது 41,86,188. பெருகியிருக்க வேண்டிய பத்தாண்டுகளில் எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் குறைந்துள்ளனர். கூர்மாடக் கோபுரம் ஒருபுறம் எழ, மறுபுறம் மக்கள் கஞ்சித்தொட்டிகளை நோக்கி நடந்த காலம் அது.

அவ்வாலயத்தின் மக்களுள் பெரும்பகுதியினர் தமிழர். ஆர்க்காடு, செஞ்சிப் பகுதிகளிலிருந்து பெயர்ந்து வந்த குடும்பங்களின் வழியினர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரெஞ்சு மறைப்பணியாளர் துபுவா அங்கு எழுப்பிய கூரைக் கோயிலே இப்பேராலயத்தின் முன்னோடி. பஞ்ச நாள்களில் அக்கோவிலில் மண்டியிட்ட ஒரு தமிழ்க் கத்தோலிக்கர் எத்தகைய மன்றாட்டை எழுப்பியிருக்கக்கூடும்? இவ்வினாவுக்கு விடை தேட முற்படுவோர் சென்று சேருமிடம் மாயூரம். அதே பஞ்சத்தை, அதே திருச்சபையின் உறுப்பினராக நின்று, தமிழில் பாடியவர் மாயூரம் வேதநாயகம் பிள்ளை (1826–1889). 1878இல் வெளிவந்த அவருடைய ‘சர்வ சமய சமரசக் கீர்த்தனைகள்’ தொகுப்பில் பஞ்சத்தை முன்னிட்டு இறைவனிடம் முறையிடும் பாடல்கள் இடம்பெற்றுள்ளன.

இத்தொகுப்பைப் பற்றிப் பேசுவோர் அதன் தலைப்பிலேயே நின்றுவிடுகின்றனர். சமய நல்லிணக்கத்துக்குச் சான்று காட்டவும், இசைத்தமிழ் வரலாற்றில் கிறித்தவர் பங்கினைச் சுட்டவும் அது பயன்படுகின்றது. இரண்டும் பிழையல்ல. ஆயினும், ‘சமரசம்’ என்னும் சொல் ஒரு மெத்தையைப் போல் விரிக்கப்பட்டு, அதன் அடியில் இருக்கும் துயரம் மறைக்கப்பட்டுவிட்டது எனலாம். நல்லிணக்கம் பற்றிய அமைதியான சிந்தனையாக மட்டும் இதனைப் படித்தல் இயலாது. மக்கள் பட்டினியால் மடிந்துகொண்டிருந்த ஆண்டுகளில் உருவாகி வெளிவந்த நூல் இது.

வேதநாயகர் தம் சமய அடையாளத்தை மறைத்து எழுதியவர் அல்லர். தேவமாதா அந்தாதி, பெரியநாயகி அம்மன் பதிகம், திருவருள் மாலை முதலியன அவருடைய கத்தோலிக்கப் பற்றினை வெளிப்படையாகக் காட்டுவன. அன்னை மரியாளைப் பதிகத்தில் பாடியவர், பஞ்சத்தின்போது பாடிய கீர்த்தனைகளில் எந்த ஒரு சமயத்துக்கும் தனியுரிமையான திருப்பெயரையும் முன்னிறுத்தாதது ஏன்? இசையரங்கில் அனைவரும் பாடுதற்கேற்ற பொதுமையை அவர் நாடினார் என்பது ஒரு விடை. அவ்விடையில் உண்மை உண்டு. பஞ்சப் பாடல்களைப் பொறுத்தவரை அது போதாது. மழை பொய்த்தபோது பசித்தவன் சமயத்தால் பிரிக்கப்படவில்லை. மன்றாடுவோர் யார் என்பதைப் பஞ்சமே வரையறுத்துவிட்டது. ‘நாங்கள்’ என்னும் தன்மைப் பன்மைக்குள் மாயூரத்துச் சைவரும் வைணவரும் இசுலாமியரும் வந்துவிட்ட பின்னர், முன்னிலையில் நிற்கும் இறைவனுக்கு ஒரு கோயிலின் பெயரை மட்டும் இடுதல் இயலாது போயிற்று. பேரழிவு மன்றாட்டின் பொருளை மாற்றுவதைக் காட்டிலும் அதன் பன்மையை மாற்றுகிறது என்பதற்கு இத்தொகுப்பு தக்க சான்றாகும்.

இனிப் பாடல்களின் வடிவம் நோக்கத்தக்கது. பஞ்சம் என்னும் சொல்லுக்குத் தஞ்சம் என்னும் சொல்லை எதுகையாக அமைக்கிறார் வேதநாயகர். எளிய எதுகைதான், யாரும் கண்டுகொள்ளக் கூடியது. ஆயினும் அவ்விரு சொற்களுக்கு இடையில் வேறெதுவும் இல்லை என்பதே பாடலின் நிலைப்பாடாகிறது. பஞ்சம் ஏன் வந்தது என்னும் மெய்யியல் வினாவுக்கு அவர் முதன்மை தரவில்லை. 1755ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள், அனைத்துப் புனிதர் திருநாளில், ஆலயங்கள் நிறைந்திருந்த வேளையில் லிசுபன் நகரம் நிலநடுக்கத்தால் இடிந்தது. ஐரோப்பியச் சிந்தனையாளர் அதன்பின் இறைவனின் நீதி பற்றி நீண்ட வழக்காடினர். வோல்தேர் அதனைக் கவிதையாகவே எழுதினார். மாயூரத்தில் வழக்காடியவர் முன்சீபாகப் பணியாற்றியவர். ஆனால் அவர் கேட்டது தீர்ப்பன்று, தீர்வு.

கீர்த்தனையின் பல்லவி ஒவ்வொரு சரணத்தின் முடிவிலும் திரும்பி வருவது. இசை மரபில் இது இயல்பானதே. துயரப் பாடலில் இவ்வியல்பு வேறொரு பொருளைப் பெறுகின்றது. சரணம் துன்பத்தை எடுத்துரைத்துச் சற்றே விலகிச் செல்கிறது. பல்லவி மீண்டும் அதே வேண்டுதலுக்கு இழுத்து வருகிறது. கேட்டது இன்னும் கிடைக்கவில்லை என்பதைப் பாடலின் கட்டமைப்பே சொல்லிவிடுகிறது. விவிலியத்தின் துயரப் பாடல்களுள் பெரும்பாலானவை புலம்பலில் தொடங்கி நம்பிக்கையிலோ நன்றியிலோ முடிவன. 88ஆம் திருப்பாடல் மட்டும் இருளிலேயே நின்றுவிடுகிறது. வேதநாயகரின் பஞ்சக் கீர்த்தனைகள் வடிவத்தால் அதற்கு நெருக்கமானவை எனக் கருத இடமுண்டு.

இதனைச் சைவப் பதிக மரபோடு ஒப்பிடுவது பயன்தரும். காவிரி நாட்டிலேயே உள்ள திருவீழிமிழலையில் பஞ்சம் வந்தபோது சம்பந்தரும் அப்பரும் நாள்தோறும் ஒரு படிக்காசு பெற்று அடியவர்க்கு அமுதளித்தனர் என்பது சேக்கிழார் தரும் செய்தி. சம்பந்தர் பெற்ற காசுக்கு வட்டம் கொடுக்க வேண்டியிருந்தது. அக்குறையை நீக்குமாறு அவர் இறைவனிடமே பாடி வேண்டினார். பசியைப் பற்றிய மன்றாட்டு எவ்வளவு உரிமையோடு, ஏறத்தாழ கடைவீதிக் கணக்கோடு, எழக்கூடும் என்பதைத் தமிழ் மரபு அஞ்சாமல் பதிவுசெய்துள்ளது. வேதநாயகரின் முறையீட்டில் காணப்படும் உரிமைக் குரலுக்கு இம்மரபின் துணையும் உண்டு. எனினும் ஒரு வேறுபாடு குறிப்பிடத்தக்கது. சம்பந்தரின் பதிகங்கள் திருக்கடைக்காப்பில் பாடுவோர் பெறும் பயனை உறுதிகூறி முடிவது இயல்பு. கீர்த்தனைக்கு அத்தகைய கடைக்காப்பு இல்லை. பாடியவன் மீண்டும் பல்லவியிலேயே நிற்கிறான்.

மன்றாட்டுக்கு விடை வந்ததா என்பதை நூலுக்கு வெளியேதான் தேட வேண்டும். வேதநாயகர் பஞ்சத்தில் தம் பொருளை வாரி வழங்கினார். அதனைப் போற்றிக் கோபாலகிருஷ்ண பாரதியார் கீர்த்தனை பாடினார். நந்தனார் சரித்திரக் கீர்த்தனை இயற்றிய சிவபத்தர் ஒரு கிறித்தவரை மேருவுக்கு ஒப்பிட்டது அக்காலத்தில் சிறு செய்தியன்று. அதே பஞ்சத்தைப் பாடிய வில்லியப்ப பிள்ளையின் ‘பஞ்சலட்சணத் திருமுக விலாசம்’ நகைச்சுவையாக ஒன்றைக் கூறுகிறது: மதுரைச் சொக்கநாதரே மக்களைக் காக்க இயலாமல் சிவகங்கை சமீன்தாருக்குத் திருமுகம் எழுதுகிறார். ஒரு நூலில் மனிதன் கடவுளிடம் முறையிடுகிறான். மற்றொன்றில் கடவுள் மனிதனிடம் முறையிடுகிறார். இரண்டையும் அருகருகே வைத்துப் படிக்கும் பாடத்திட்டம் ஒன்று நம் பல்கலைக்கழகங்களில் அமைதல் வேண்டும்.

மீண்டும் பெங்களூருக்கு வரலாம். பஞ்சத்தில் பெற்றோரை இழந்த சிறார்க்கு மறைப்பணியாளர் இல்லங்கள் அமைத்தனர். நகரின் புறத்தே சிலுவேபுரம் போன்ற கிறித்தவச் சிற்றூர்கள் அவ்வழியே தோன்றின. சிலுவை என்னும் சொல் சிரிய மொழியிலிருந்து வந்து, ஒரு பஞ்சத்தின் வழியாகக் கன்னட நாட்டு ஊர்ப்பெயராக நிலைத்தது. இங்கு மன்றாட்டின் பன்மை நேர்மாறாகச் செயற்பட்டது. மாயூரத்தில் விரிந்த ‘நாங்கள்’, இங்கே ஒரு திருமுழுக்கின் எல்லைக்குள் கூட்டிச் சேர்க்கப்பட்டது. சோற்றுக்காகச் சமயம் மாறியவர் என்னும் ஏளனம் எழுவதும் இவ்விடத்தில்தான். அவ்வேளனம் இலக்கிய ஆய்வுக்கு உதவாது. குழந்தைகள் உயிர் பிழைத்தனர் என்பதே முதற்செய்தி. அதனினும் நுட்பமான செய்தி ஒன்று உண்டு. இயேசு கற்பித்த இறைவேண்டலில் அன்றாட உணவைக் கேட்கும் விண்ணப்பம் ஒன்று உள்ளது. வயிறு நிறைந்தோர் அதனை உருவகமாக விளக்குவர். பஞ்சத்தில் தாயை இழந்த சிறுவன் அதனைச் சொல்லுக்குச் சொல் பொருள்கொண்டே சொல்லியிருப்பான். அவன் நாவில் அது கற்றுக்கொடுக்கப்பட்ட பாடமா, தன் முறையீடா எனப் பிரித்தறியும் கருவி திறனாய்வுக்கு வாய்க்கவில்லை.

வேதநாயகரின் விரிந்த பன்மை பெங்களூரில் அறவே இல்லாமற் போகவில்லை. ஆண்டுதோறும் செப்டம்பர்த் திருவிழாவில் சிவாஜிநகர்ப் பேராலயத்திற்குக் காவி உடுத்தி வருவோருள் திருமுழுக்குப் பெறாதோரும் உள்ளனர். அவர்கள் ஏற்றும் மெழுகுவர்த்திகளை யாரும் சமயம் கேட்டு வாங்கி வைப்பதில்லை.